மேசையைத் தட்டி நிறைவேற்றியவை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். உன் அத்தானின் முழங்கால் மட்டும் வழக்கம்போல் தனிக் கட்சி நடத்துகிறது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறீர்களா? போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நகர்மன்றத்தின் முதல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். சந்தையில் ஊசி, நூல், பொத்தான் விற்றுக்கொண்டிருந்தவளை ஓட்டுப் போட்டு உள்ளே அனுப்பியது எதற்கென்று உனக்குத் தெரியும். ஒரே காரியம்தான். சந்தையில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை. ஆண்களுக்கு இரண்டு இருக்கின்றன. போதாததற்கு ஊரிலுள்ள சுவர்களெல்லாம் இருக்கின்றன. நாங்கள் காலையில் கடை திறந்தால் இருட்டும்வரை தொண்டையை நனைக்காமல் உட்கார்ந்திருக்கிறோம். தக்காளிக்காரம்மா சிறுநீரகத்தில் சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பார்க்கப் போனபோது, "நீ ஜெயிச்சா முதல்ல அதைக் கட்டு. அப்பதான் நான் கடைக்கு வருவேன்" என்றாள். அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தேன்.

மன்றத்தில் குதிரை லாடம் மாதிரி வளைந்த மேசை, அதன்மேல் பச்சைத் துணி, துணிமேல் கண்ணாடி, ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. அங்கே கழிப்பறை இருக்கிறது, அதனால் தாராளமாகக் குடிக்கலாம். தலைவருக்குச் சந்தையில் என்ன பட்டப்பெயர் தெரியுமா? 'அடுத்தது.' அவர் வாயிலிருந்து வரும் ஒரே சொல் அதுதான். அவர் காகிதத்தைப் பார்க்காமலே, "பொருள் நாலுலேருந்து முப்பத்தொண்ணு வரைக்கும் வழக்கமானது. எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ஏதோ பெரிய காரியம் நடக்கிறது என்று நானும் தட்டினேன். மற்றவர்களைவிட ஓங்கித் தட்டியதில் உள்ளங்கை சிவந்துவிட்டது. "அடுத்தது" என்றார். கூட்டம் முடிந்தது.

வெளியே வந்தபோது நகராட்சிப் பொறியாளர் மெதுவாகச் சொன்னார்: "உங்க கழிப்பறையும் அதுலதாம்மா இருந்துச்சு. பத்தொம்பதாவது. தேதி குறிப்பிடாம ஒத்திவைப்பு." அதே தட்டில் தலைவர் காருக்குப் புது இருக்கை உறையும், போன வருடம்தான் சாயம் பூசிய நுழைவு வளைவுக்கு மறுபடி சாயமும் நிறைவேறிவிட்டன. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன், தம்பி. கோபத்தில் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அத்தானை முழங்காலுக்கு நல்லெண்ணம் காட்டச் சொல், மாடி ஏற வேண்டாம்.

உறுப்பினரானதற்கு வாழ்த்துகள். மேசை உடைந்தால் உன் சம்பளத்தில் பிடிப்பார்கள், பார்த்துத் தட்டு. எல்லா அலுவலகத்திலும் இப்படித்தான். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்? கொஞ்ச நாள் எல்லோருடனும் சிரித்துப் பேசு, பிறகு உன் காரியம் தானாக நடக்கும்.

அந்தக் கழிப்பறை சரியாக எந்த இடத்தில் வருகிறது? வாசல் எந்தப் பக்கம்? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அப்பாவின் காலி மனையில் ஒரு வரிசைக் கடை கட்டலாம் என்று யோசனை. உன் பாதியையும் நீயே எடுத்துக்கொள் என்று நீ அன்றைக்கே சொன்னாய். அதற்கான விடுதலைப் பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வழக்கமான காகிதம்தான். படித்து மண்டையை உடைத்துக்கொள்ளாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பதிவை நான் வரும்போது முடித்துக்கொள்ளலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம், அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். சின்னவளுக்குப் பல் விழுந்துவிட்டதாமே? மேல்பல்லா கீழ்ப்பல்லா?

கடை கட்டுவது நல்ல யோசனை. நான் சொன்ன சொல் மாறமாட்டேன். கையெழுத்துப் போட ஒரு நல்ல பேனா கிடைக்கும்வரை உன் பத்திரம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. பார், எனக்கும் நகராட்சி நோய் ஒட்டிக்கொண்டது.

கழிப்பறை வருவது சந்தையின் பின்சுவருக்கும் நம் மனைக்கும் நடுவில் கிடக்கும் நகராட்சித் துண்டு நிலத்தில். மறுபக்கம் மரக்கிடங்கு. வாசல் நம் மனையைப் பார்த்து. கட்டுவதற்கான பணம் பழைய மன்றத்திலேயே ஒதுக்கிக் கிடக்கிறது. இடத்தைக் கொடுப்பதாக மன்றம் ஒரு தீர்மானம் போட்டால் மறுநாளே கடைக்கால் தோண்டலாம்.

இந்தக் கூட்டத்தில் நான் ஒவ்வொன்றையும் படிக்கச் சொன்னேன். பக்கத்தில் உட்காரும் லாரிக்காரர், "எல்லாத்தையும் படிச்சா சாப்பாடு ஆறிடும்மா" என்று காதில் கெஞ்சினார். ஆறட்டும் என்றேன். படித்தார்கள். நாற்சந்தியில் நீரூற்று வைக்கப் போகிறார்களாம். வீட்டுக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர், நாற்சந்தியில் மட்டும் அது துள்ளிக் குதிக்குமாம். நான் ஒருத்தி வேண்டாம் என்றேன். மற்றவர்கள் தட்டினார்கள்.

ஆனால் தலைவர் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கு இல்லாததா? அடுத்த கூட்டத்துலயே முடிச்சுடலாம்மா" என்றார். முகத்தைப் பார்த்தால் மெய்யாகத்தான் சொன்ன மாதிரி இருந்தது. தக்காளிக்காரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். படுக்கையிலிருந்தே சிரித்தாள்.

பதில் போடு. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? போன கடிதத்துக்குப் பதிலே இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? போன் அடித்தாலும் எடுக்க மாட்டேன் என்கிறாய். எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

இங்கே கழிப்பறையை மறுபடியும் ஒத்திவைத்துவிட்டார்கள். "பக்கத்து இடத்துக்காரர் ஆட்சேபனை" என்று ஒரே வரி. யார் அந்த மகராசன் என்று கேட்டால் தலைவர் கூரையைப் பார்க்கிறார், பொறியாளர் செருப்பைப் பார்க்கிறார். எனக்குத் தெரியாதா என்ன? ஒரு பக்கம் நாம். இன்னொரு பக்கம் மரக்கிடங்கு.

நேரே மரக்கிடங்குக்குப் போனேன். வாள் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் கத்தினேன். "உங்க வீட்டிலயும் பொம்பளைங்க இருக்காங்க இல்ல? அவங்க என்ன கல்லுலயா செஞ்சவங்க?" என்று கேட்டேன். வேலைக்காரர்கள் வாளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கிடங்குக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மென்று முழுங்கிவிட்டார். கள்ளன் முழி. வாயில் வந்ததெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, பொய் சொல்வானேன்.

தக்காளிக்காரம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சந்தையில் உட்காரவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் இடத்தில் இப்போது அவள் மருமகள். அந்தப் பெண்ணும் தண்ணீர் குடிப்பதில்லை.

உடனே எழுது. இரண்டு வரியானாலும் சரி.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலமே. சின்னவளுக்குக் காய்ச்சல், பெரியவனுக்குப் பரீட்சை, எனக்கு அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. அதனால்தான் எழுதவில்லை, தப்பாக நினைக்காதே.

மரக்கிடங்குக்காரரிடம் சண்டைக்குப் போகாதே. அப்பா காலத்திலிருந்தே பழகிய மனிதர். ஆட்சேபனை சொன்னவருக்கும் ஏதாவது நியாயம் இருக்கும் இல்லையா? எல்லாரும் உன்னைப் போலத் துணிச்சல்காரர்கள் இல்லை. கழிப்பறையைப் பேருந்து நிலையத்துப் பக்கம் வைத்தால் என்ன? கொஞ்சம் நடந்தால் உடம்புக்கும் நல்லதுதானே.

பத்திரம் என்னாயிற்று? சீக்கிரம் அனுப்பினால் உதவியாக இருக்கும்.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி


மே 20

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் நம் வீட்டு வழக்கம் என்பதால் கேட்கிறேன்: நலமா? உன்னால் நிம்மதியாகத் தூங்க முடிகிறதா?

நேற்றுக் கூட்டம். ஆட்சேபனை சொன்னவர் பெயரைச் சொல்லாமல் இங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டியது. லாரிக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். கடைசியில் தலைவர் சிரித்தார். "உங்க வீட்டிலயே வேண்டாங்கறாங்க. நாங்க என்னம்மா பண்றது? மொதல்ல தம்பியைக் கேட்டுட்டு வாங்க" என்றார். மன்றமே சிரித்தது. தேநீர் கொண்டுவந்த பெண்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என் ஒருத்தியைத் தவிர.

கழிப்பறை எங்கே வருகிறது, வாசல் எந்தப் பக்கம் என்று நீ கேட்டாய். நான் குழந்தை மாதிரிப் பதில் எழுதினேன். நீ அதைக் கொண்டுபோய்த் தலைவரிடம் கொட்டியிருக்கிறாய். 'மனையின் ஒரே சொந்தக்காரன்' என்று வேறு சொன்னாயாமே? அப்பா கயிறு பிடித்துப் பிரித்தபோது நீயும்தானே மறுமுனையைப் பிடித்தாய்? சாலைப் பக்கம் உனக்கு, சந்தைப் பக்கம் எனக்கு. அந்தத் துண்டு நிலத்துக்குப் பக்கத்து இடத்துக்காரி நான். என் இடத்தை வைத்து எனக்கே ஆட்சேபனை சொல்லியிருக்கிறாய். வேலியே பயிரை மேய்ந்த கதையை இத்தனை நாளும் சும்மா சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போதுதான் அனுபவிக்கிறேன்.

மரக்கிடங்குக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தார். "உங்க தம்பிதான்னு என் வாயால எப்படிம்மா சொல்றது?" என்றார். நான் திட்டியதையெல்லாம் எனக்காக வாங்கிக்கொண்டு நின்ற மனிதர். அங்கே உட்கார்ந்து அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், வேறெதற்கும் இல்லை.

அந்தத் துண்டு நிலம் இப்போது தலைவர் காருக்குக் கொட்டகை. அதுவும் ஒரே தட்டில் நிறைவேறிவிட்டது. புது இருக்கை உறை வெயிலில் வெளுக்கக் கூடாதே.

அக்கா


மே 27

அக்காவுக்கு,

ஆமாம், நான்தான் சொன்னேன்.

ஊரில் கடை கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் யாரையாவது கேட்டுப் பார். கழிப்பறை வாசலுக்கு எதிரே எவன் கடை எடுப்பான்? நாற்றத்துக்கு எவன் வாடகை கொடுப்பான்?

ஜனவரி முதல் எனக்கு வேலை இல்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள். நீ மேசையைத் தட்டிய கதை வந்த அன்று, நான் தெருமுனைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். அலுவலகம் விடும் நேரம்வரை அங்கேதான். வீட்டில்கூட இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னேன். ஊரே உன்னைக் கொண்டாடும் வாரத்தில், உன் தம்பி தெருவில் நிற்கிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு மிச்சம் இருப்பது அந்த மனை ஒன்றுதான். சந்தையிலுள்ள பெண்களுக்கெல்லாம் நீ அக்கா. எனக்கு மட்டும் நகர்மன்ற உறுப்பினர்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னது நீ. சொன்ன சொல் மாறமாட்டேன் என்று எழுதியதும் நீ.

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது.

வேலை போனதை நீ என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அத்தானும் நானும் சாப்பிடும் சோற்றில் உனக்கும் பிள்ளைகளுக்கும் பங்கில்லையா? அதை மறைத்ததற்கு என்னால் அழத்தான் முடியும். கோபப்பட முடியவில்லை.

ஆனால் என்னிடம் சொல்ல வராத வாய் தலைவரிடம் சொல்ல வந்ததே, அதற்குத்தான் கோபம். ஐந்து மாதமாக நான் உன்னிடம் புலம்பினேன். நீ ஒவ்வொன்றையும் படித்தாய். தக்காளிக்காரம்மா படுத்ததையும் படித்தாய். கொஞ்சம் நடந்தால் உடம்புக்கு நல்லது என்று எழுதினாய். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கடையை யாரிடம் விட்டுவிட்டு, அவள் பேருந்து நிலையம்வரை நடப்பாள்?

பெரியவனின் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாயா? அதை மட்டும் எழுது.

அக்கா


ஜூன் 23

அக்காவுக்கு,

நிறுத்தவில்லை.

பத்திரம் வேண்டும்.

தம்பி


ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். நீ சுகமா, உன் மனைவி சுகமா, பிள்ளைகள் சுகமா? இந்தத் தடவை ஒப்புக்குக் கேட்கவில்லை.

பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். ஆமாம், சொன்ன சொல் மாறிவிட்டேன். நான் சொன்னபோது நீ வேறு ஆள்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் 'நன்கொடைகள் ஏற்பு' என்று ஒரு பொருள் வரும். யாராவது ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு மின்விசிறி கொடுத்திருப்பார்கள். அதை யாரும் படிப்பதே இல்லை. இந்த மாதம் ஒரு துணிக்கடைக்காரர் கடிகாரம் கொடுத்திருந்தார், ஒரு பள்ளிக்கூடம் பழைய பெஞ்சுகள் கொடுத்திருந்தது. மூன்றாவதாக நான் என் பாதி மனையைக் கொடுத்திருந்தேன். ஒரே நிபந்தனை: ஒதுக்கிய பணத்தில் ஒரு வருடத்துக்குள் அங்கே பெண்கள் கழிப்பறை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் எனக்கே திரும்பிவிடும்.

வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். "இன்னைக்கு எதையும் படிக்கச் சொல்லலையாம்மா?" என்று லாரிக்காரர் ஆச்சரியப்பட்டார். தலைவலி என்றேன். தலைவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "அஞ்சுலேருந்து இருபத்தெட்டு. சம்மதம்தானே?" எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு எழுந்து நின்று, "நன்கொடை குடுத்தவங்களுக்குக் கைதட்டணும் தலைவரே, அதை மட்டும் படிங்க" என்றேன். செயலாளர் படித்தார். கடிகாரத்துக்குக் கைதட்டினார்கள், பெஞ்சுக்குக் கைதட்டினார்கள். மூன்றாவதைப் படித்ததும் ஒரு கைகூட அசையவில்லை.

"இது... இதை நாம அடுத்த கூட்டத்துல..." என்று தலைவர் இழுத்தார்.

"நிறைவேறிடுச்சு தலைவரே. நீங்கதான் மொதல்ல தட்டுனீங்க. அடுத்தது!" என்றேன்.

லாரிக்காரர்தான் முதலில் சிரித்தார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாளிக்கும் குழாய்க்கும் ஒரு பொம்பளை தன் அப்பா இடத்தைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்றால், இந்தக் கட்டடமும் மேசையும் எதற்கு? அதையும் சொன்னேன். குறிப்பில் எழுதிக்கொண்டார்களா, தெரியாது.

இனி உன் விஷயம். உன் பாதி உன்னுடையது. சாலைப் பக்கம். அதில் கடை கட்டு. கழிப்பறையை ஒட்டி வரும் கடைசிக் கடையை எவன் எடுப்பான் என்று கேட்டாய். நான் எடுக்கிறேன். சந்தைப் பெண்கள் அத்தனை பேரும் ஒரு நாளைக்கு நாலு தடவை நடந்துபோகும் வழியில் ஊசி, நூல், பொத்தான் கடை வைக்கத் தெரியாமல் நீ என்ன கணக்குப் பார்த்தாய்? மற்றக் கடைகளுக்கு என்ன வாடகையோ, எனக்கும் அதேதான். அக்கா என்று ஒரு காசு குறைத்தால் மரக்கிடங்கில் கத்தியதைவிடப் பெரிதாக உன் வாசலில் வந்து கத்துவேன்.

கோபம் ஆறவில்லை. எப்போது ஆறும் என்றும் தெரியவில்லை. ஆறும்வரை நீ பட்டினி கிடக்க முடியாது. அதனால் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே இன்று உன் பெயருக்குக் கட்டிவிட்டேன். என் பழைய கடையின் முன்பணத்தைத் திரும்ப வாங்கித்தான் கட்டினேன், அத்தானுக்கும் தெரியும்.

இதை உதவி என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதே. உதவி என்றால் நீ கேட்டிருக்க வேண்டும். நீ கேட்கவில்லை. இது வாடகை.

அக்கா